கூப்பிட்டால் பதில் சொல்லும் பெட்டி

நோர்வேயில் என்னோடு வேலை செய்கிறவன் வண்டியில் மூன்று மணி நேரம் பக்கத்தில் இருப்பான். ஒரு சொல் கதைக்கமாட்டான். மலை ஏறியதும், "பெட்டி கதைக்கிறதா?" என்று மட்டும் கேட்பான். முதல் வருடம் ஒருநாள் அவனிடம், "உன் அம்மா சுகமா?" என்று கேட்டேன். "ஏன், ஏதும் கேள்விப்பட்டாயா?" என்று முகம் வெளிறிப்போனான். பிறகு கேட்கவில்லை.

பெட்டிக்குப் பெயர் டேட்டாலொக்கர். பனியின் ஆழம், ஆற்றின் மட்டம் எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கும். வயரும் ரேடியோவும் பூட்டி அதைக் கதைக்கவைப்பது எங்கள் வேலை. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சென்சரும் பெட்டியும் ஒரே வேகத்தில் கதைக்க வேண்டும். ஒன்று 9600, மற்றது 1200 என்றால் குப்பை எழுத்துத்தான் வரும். ரேடியோவுக்கு ஒரு இலக்கம் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில் வரும்.

போன வருடம் ஊருக்கு, வட்டுக்கோட்டைக்குப் போகும்போது, கழித்துவிட்ட பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் தோட்டக் கிணற்றில் சென்சரை இறக்கினேன். வெங்காயத் தோட்டத்துக்கு மேலால் வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு ரேடியோ. அங்கிருந்து இன்ரநெற்றில் என் போனுக்கு. நீர்மட்டம், வெப்பம், உப்பு. மணிக்கொரு தடவை. அண்ணை கிணற்றுக்கட்டில் இருந்து சிரித்தார்.

"உனக்கென்ன விசரே? வாயிலை விட்டுப் பாத்தா உப்பெண்டு தெரியாதோ?"

அந்தக் கிழமைதான் அண்ணையின் மகள் துளசியைப் பெண் பார்க்கப் பண்டத்தரிப்பில் இருந்து வந்தார்கள். சீதனம் அந்தத் தோட்டமும் கிணறும். "கிணறு நல்ல தண்ணியோ?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார். அண்ணை வாய் திறக்கமுன் நான் போனை நீட்டினேன். அவருடைய போனிலும் அந்த இலக்கங்கள் வரும் பக்கத்தை ஏற்றிக் கொடுத்தேன். பெருமை. அன்றைக்கு உப்புக் குறைவு.

இந்த வருடக் கோடையில் உப்பு ஏறியது. நான் பார்த்தேன். பண்டத்தரிப்பிலும் பார்த்தார்கள். கலியாண எழுத்துக்கு, அதுதான் பதிவுக்கு, இரண்டு கிழமை இருக்க அண்ணை போனில் கூப்பிட்டார்.

"டேய், உப்பைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டன்."

"அது ஏலாது அண்ணை."

"ஏலாதோ, செய்யமாட்டியோ?"

போனைக் காதில் வைத்தபடி கணினியைத் திறந்தேன்.

"அகதியாப் போகேக்கை நோர்வேக்காரனுக்கு வயசையே மாத்திச் சொன்னனி. அந்தப் பிறப்புப் பத்திரத்தை இஞ்சை எழுதுவிச்சு அனுப்பினது ஆர்? உனக்கெண்டால் நம்பர் மாறும், என்ரை பிள்ளைக்கெண்டால் மாறாதோ?"

மாற்ற அரை நிமிடம் போதும். வருகிற உப்பை ஒன்றிலும் குறைந்த ஒரு எண்ணால் பெருக்கும்படி பெட்டிக்குச் சொன்னால் சரி. கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். மாற்றவில்லை. நேர்மை என்று எழுதினால் ஊரில் வாசிக்கிற நீங்கள் நம்புவீர்கள். அது பொய். ஊரில் இருந்து எனக்கு வருவதெல்லாம் யாரோ சொல்லி வருவது. இந்த மூன்று இலக்கம்தான் நேரே மண்ணில் இருந்து வந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அதற்கு விலையாகத் துளசியைக் கொடுத்தேன்.

"நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. உங்கடை தம்பி வைச்ச பெட்டிதானே சொல்லுது" என்று மாப்பிள்ளையின் தகப்பன் அண்ணையிடம் சொன்னாராம். சம்பந்தம் நின்றது. துளசி ஒரே ஒரு தடவை எனக்குப் போன் எடுத்தாள்.

"சித்தப்பா, உங்கடை பெட்டி நல்லா வேலை செய்யுது."

வைத்துவிட்டாள். அண்ணை அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

பெட்டியை அவர் உடைக்கவில்லை. சென்சரை வெளியே இழுத்துக் கிணற்றுக்கட்டில் போட்டுவிட்டார். சோலர் இருப்பதால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. கூப்பிட்டால் பதில் சொல்லும்.

இன்று காலை மலையில் மைனஸ் பதினெட்டு. கையுறையைக் கழற்றிப் போனைப் பார்த்தேன். நீர்மட்டம் பூச்சியம். உப்பும் பூச்சியம், அண்ணை கேட்டதிலும் குறைவு. வெப்பம் நாற்பத்தொன்று. வட்டுக்கோட்டையின் மத்தியான வெயில் கிணற்றுக்கட்டில் கிடக்கும் அந்த இரும்புத் துண்டில் ஏறிக்கொண்டிருந்தது. விரல் விறைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெட்டி கதைக்கிறதா?" என்று கீழே இருந்து அவன் கத்தினான்.

"ஓம்" என்றேன். மலைப் பெட்டியை நான் இன்னும் திறக்கவே இல்லை.