ஓ.பி. சீட்டில் நான் எழுதிய வார்த்தை

பாலக்காடு ஜில்லாவில் பெருமாட்டிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். ஸ்பிரிட் வாசனை, பதினோரு மணிக்குப் பால் விடாத கட்டன் சாயா, தோப்பு வேலையிலிருந்து நேராக வந்து வரிசையில் நிற்கும் பெண்கள் என்று அந்த ஓ.பி. இன்னும் என்னை விடவில்லை. இப்போதும் காலையில் சித்தூர் பஸ் ஹாரன் அடித்தால் பையைத் தேடுகிறேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைக்கு ஒத்துவராத பேஷண்ட் என்றால் சீட்டில் ‘நாட் கோஆப்பரேட்டிவ்’ என்று எழுதிவிடுவோம். பிறகு எது நடந்தாலும் பழி நம் மேல் வராது. எனக்கு வாயும் நீளம், பேனாவும் நீளம். தாராளமாகவே எழுதினேன்.

ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால் மரகதம் வந்தாள். தேங்காய்க் களத்தில் வேலை, முப்பது வயசு தாண்டியவள். தலைவலி, தூக்கமில்லை என்று வருஷக்கணக்கில் மாத்திரை வாங்கியவள்தான். இந்த முறை மூன்று மாதமாக ரத்தப்போக்கு. உள்ளே பரிசோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் லேடி டாக்டர். முதல் இரண்டு தடவையும் ஸ்கிரீனை இழுத்ததும் இறங்கிப் போய்விட்டாள். நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். சீட்டில் எழுதினேன்.

மூன்றாம் தடவை, மறுபடி ஓடிவிடப் போகிறாளே என்று, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துப் படுக்க வைத்தேன். அவள் கத்தவில்லை. உடம்பு விறைத்துப் போனது, பல் கிட்டியது, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பதில் இல்லை. கையை விடுங்கள் சிஸ்டர் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டேன்.

அரை மணி நேரம் கழித்து பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“பனியன் கம்பெனியில சூப்பர்வைசர் இப்படித்தானுங்க ரெண்டு கையையும் புடிச்சான். பத்து வருஷமாச்சுங்க. இன்னும் வளையல் போட முடியறதில்லைங்க.”

பிறகு சீட்டைக் காட்டி, இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒத்துழைக்காதவள் என்று அர்த்தம் என்றேன்.

“நான் வந்தனுங்களே சிஸ்டர். மூணு தடவை வந்தனுங்களே.”

எனக்கு அவமானமாக இருந்தது. அவள் கண் முன்னாலேயே அதைக் கோடு போட்டு அடித்தேன்.

அடுத்த வாரம் அவள் தங்கையைப் பக்கத்தில் நிற்க வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் “தொடட்டுங்களா?” என்று கேட்டேன். இரண்டு முறை வேண்டாம் என்றாள், நிறுத்தினோம். மூன்றாவது முறை அவளே தலையசைத்தாள். கர்ப்பப்பையில் கட்டி இருந்தது, ஆபரேஷனில் சரியானது. தூக்கம் மட்டும் சீக்கிரம் வரவில்லை. அதற்குப் பாலக்காட்டில் கவுன்சலிங் போனாள், இப்போதும் போகிறாள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது: கேட்டுவிட்டுத் தொடுங்கள். மரகதம் மூன்று தடவை வந்ததால் எனக்குத் தெரிந்தது. ஒரே தடவை வந்து, நான் அந்த வார்த்தையை எழுதியதும் திரும்பி வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.