அறுபது டிகிரியில் சுருங்கும் தோல்

கரீம் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பேராசிரியர் ராமமூர்த்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த மனுஷன் பெயரை எடுத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அப்துல் கரீம் ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் இருபது வருஷம் இருந்தவர். பதனிட்ட தோலில் ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போட்டு, சுருங்குகிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஆலை மூடியதும், 2003இல், வேலூரில் நான் டெக்னீஷியனாக இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அட்டெண்டராக வந்தார்.

அங்கே ராமமூர்த்தி, புற்றுக்கட்டி உள்ள எலிகளுக்கு இரும்பு நானோ துகள்களை ஊசி போடுவார். கண்ணுக்கே தெரியாத பொடி. ஸ்கேனில் கட்டி கறுப்பாகத் தெரியும். பிறகு எலியைக் காந்தச் சுருளுக்குள் வைத்தால் துகள் சூடேறிக் கட்டியைச் சாகடிக்கும். நாற்பத்து மூன்று டிகிரிதான், சுற்றியுள்ள சதைக்கு ஒன்றும் ஆகாது என்று பத்திரிகைக்காரர்களிடம் அளந்தார். அடுத்த வருஷம் யாருக்கும் கத்தியே வைக்க வேண்டாமாம்!

பாய் அதை நம்பித் தொலைத்தார். அவர் மனைவி ஹலீமா பீக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தும், நம்ம லேபிலேயே வைத்தியம் வந்துவிடும் என்று ஐந்து மாதம் தள்ளிப்போட்டார். போங்கள், போங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

ஒருநாள் செத்த எலிகளை அப்புறப்படுத்தும்போது கையில் ஒன்றை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கட்டியைச் சுற்றித் தோல் சுருங்கி விறைத்திருந்தது. நேரே ராமமூர்த்தியிடம் போனார்.

“சார், பதனிடாத பச்சைத் தோலு அறுபதுக்குக் கீழ சுருங்காது. நாப்பத்தி மூணுன்னு எழுதாதீங்க.”

எலியைச் சுருளுக்குள் வைத்தபோது வெப்பமானியின் ஊசி கட்டியில் இல்லை, தள்ளிச் செருகியிருந்தது. நானும் பார்த்தேன். தோல் ஷாப்பில் இருந்தவன் எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று ராமமூர்த்தி அவரை வெளியே துரத்தினார். நோட்டில் நாற்பத்து மூன்றுதான் ஏறியது.

மறுநாள் காலையே பாய் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அறுத்தார்கள். ஆனால் அக்குளைத் தாண்டி ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி அதிகம் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் வார்டுக்குப் போனபோது, எலியைப் பார்த்து உண்மை தெரிந்துகொண்ட கதையை மனைவியிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தார் பாய். ஹலீமா பீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எலித் தோலைப் பாத்ததும் தெரிஞ்சிக்கினீங்க. என் மாருல தோலு சுருங்குது, பாருங்கன்னு அஞ்சு மாசமா நான் சொல்லிக்கினே இருந்தேன்.”