பாதிப் பலகையைத் தாண்டாத மிஷின்

"என் மிஷின்ல இன்னொரு தடவை கை வெச்சே, கையை ஒடிச்சு அடுப்புல வெச்சிருவேன்."

பொண்டாட்டி துடைப்பமும் கையுமா நின்னுக்கிட்டிருந்தா. "சோத்துல மரத்தூள், தலைகாணியில மரத்தூள். கூட்டாம வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

"தரையைக் கூட்டு. மிஷின் பக்கம் போகாதே."

"அது என்ன புது மாப்பிள்ளையா, பக்கத்துல போனா கோவிச்சுக்க?"

அவன் கதவைப் படார்னு சாத்துனான். அவளும் அன்னிக்கோட அந்த அறைக்குள்ள காலை வெக்கல. டீ கொண்டு வந்தாக்கூட வாசப்படியில வெச்சுட்டுப் போயிருவா. ரோஷக்காரி.

அவனுக்குத் தெருவுல பேரு டெஸ்டர். மத்தவன் சட்டைப் பையில பேனா வெச்சிருப்பான், இவன் டெஸ்டர் வெச்சிருப்பான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது இருக்கும். வீடுகளுக்குக் கரண்டு இழுக்கறவன். செவுத்தைத் தட்டிப் பாத்தே உள்ள ஒயர் எங்க போகுதுன்னு சொல்லிருவான். திமிரும் அதுக்கேத்த அளவுக்கு இருந்துச்சு. ஒருநாள் ஏணி சறுக்குச்சு, ஆளு கீழ கிடந்தான். உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா குனியற வேலையை மட்டும் முதுகு அன்னிக்கோட விட்டுருச்சு. குனியாத, ஏணி ஏறாத எலக்ட்ரீசியனை யாரு கூப்பிடுவா?

பொண்டாட்டியோட அண்ணன் நல்ல மனுஷன்தான். என்ன, நல்லதை வாயால சொல்லத் தெரியாது. "எங்க கிடங்குல நாற்காலி இருக்கு, பேன் இருக்கு. லாரி வந்தா கேட்டைத் திறக்கணும், போனா சாத்தணும். பொம்மைகூடச் செய்யும் மாப்ளே" அப்படின்னாரு. டெஸ்டருக்கு அதைக் கேட்டதும் வாயில மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஆயிப்போச்சு. நாற்பது வீட்டுக்கு வெளிச்சம் குடுத்த கை, கேட்டுத் தாழ்ப்பாளைப் புடிச்சுக்கிட்டு உக்காரணுமா?

அந்த வீம்புலதான் மிஷின் வந்துச்சு. உதிரி உதிரியா வாங்கி, படம் பாத்து அவனே பூட்டுனான். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை. மேசைக்கு மேல முன்னும் பின்னும் போற ஒரு இரும்புப் பாலம். பாலத்துல இடமும் வலமும் ஓடற ஒரு வெட்டுற தலை. ஒவ்வொண்ணையும் தள்ளறதுக்குக் கையளவுல ஒரு மோட்டார். கம்ப்யூட்டர் சொல்லும், மோட்டார் அடியடியா நகத்தும், பலகையில பூவும் கொடியும் விழும். கரண்டுப் பொட்டி மட்டும் மேசைக்கு அடியில, செவுத்தோரமா. அதை மச்சானை விட்டுத்தான் உள்ள தள்ளுனான், குனிய முடியாதே.

ஃபர்னிச்சர் கடைக்காரரு அலமாரிக் கதவுக்கு வலைப்பின்னல் வெட்டச் சொல்லிப் பலகை அனுப்புனாரு. மொத ரெண்டு கதவு கண்ணுல ஒத்திக்கலாம், அப்படி வந்துச்சு. அப்புறம் புடிச்சுது சனியன்.

பலகையில பாதி வரைக்கும் தங்கமா ஓடும். பாதியைத் தாண்டுனதும் பாலத்து மேல இருக்கற மோட்டார் கறகறன்னு நடுங்கும். சுத்தாது, நின்ன இடத்துலயே உதறும். தலை ஒரு பக்கமா நின்னுரும், பின்னல் கோணிக்கும். பலகை விறகு. அடுத்த பலகையும் அப்படியே. அதுக்கடுத்ததும்.

கடைக்காரரு வந்து பாத்தாரு. விறகைத் தூக்கி, திருப்பி, கீழ வெச்சாரு. "அண்ணே, மிச்சம் ஒரு பலகைதான். இதுவும் போச்சுன்னா பெரிய கம்பெனிக்கே குடுத்துர்றேன். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

தொந்தரவு பண்ண மாட்டேங்கறான். அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

மச்சானும் விடல. கிடங்குல வேற ஆளு பாக்கறாங்களாம், சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம்.

டெஸ்டரு மத்தியானச் சாப்பாட்டைத் தொடல. பாதியிலதான் சாகுதுன்னா சூட்டுலதான் சாகுதுன்னு நெனச்சான். ஓட ஓட மோட்டார் காயுதுன்னு டேபிள் பேனைத் தூக்கி அது மூஞ்சிக்கு நேரா வெச்சான். வீட்டுல மனுஷங்க வேர்த்துக் கிடக்க, மோட்டாருக்குக் காத்து. விறகுத் துண்டுலயே ஓட்டிப் பாத்தான். பாதிக்கு மேல கறகறகற.

சரி, மோட்டாரே கெட்டதுன்னு வெச்சுக்குவோம். தலையை மேலயும் கீழயும் தூக்கற மோட்டாரும் இதே ஜாதி, இதே அளவு. கரண்டை அணைச்சுட்டு ரெண்டையும் கழட்டி இடம் மாத்திப் பூட்டுனான். மோட்டார் கெட்டிருந்தா கோளாறு அதோட கூடவே போகணும். போகல. நல்ல மோட்டாரும் அந்த இடத்துக்கு வந்ததும் நடுங்குச்சு.

மிச்சம் ஒயர்தான். பாலத்தைப் பின்னால கொண்டு போயி நிறுத்துனான். ஒயரோட மேல் முனையில கம்பிகளை ரெண்டு ரெண்டா சேத்து முறுக்குனான். பொட்டிப் பக்கத்து முனையைத் தரையிலேர்ந்து எடுக்கணுமே, இடுக்கியால கொக்கி போட்டு மேல இழுத்துக்கிட்டு மீட்டரை வெச்சான். நாலு கம்பிக்கும் மீட்டர் கீங்குன்னு கத்துச்சு, உள்ள அறுபடலைன்னு அர்த்தம். ஒயர் நல்லாருக்கு. மீட்டர் பொய் சொல்லாது, வாழ்க்கை பூரா அதை நம்பித்தான் சோறு தின்னான்.

மோட்டார் நல்லாருக்கு, ஒயர் நல்லாருக்கு. அப்போ யாருதான் கெட்டது? நான்தானான்னு தோணிப்போச்சு அவனுக்கு.

பொட்டியையாவது திறந்து பாப்போம்னு மேசைக்காலைப் புடிச்சுக்கிட்டு முட்டி போடப் பாத்தான். முதுகுல யாரோ ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்படியே சாஞ்சு, பலகை மாதிரி தரையில விழுந்தான். கத்தக்கூட மூச்சு வரல.

சத்தம் கேட்டு அவ ஓடி வந்தா. வாசப்படியிலயே நின்னா.

"உள்ள வாடி."

"வரலாமா?"

"செத்தப்புறம் வருவியா?"

வந்து தலைமாட்டுல உக்காந்தா. "அண்ணனைக் கூப்பிடட்டுமா? தூக்கி உக்கார வெப்பாரு."

"கூப்பிடு. வர்றப்ப அந்தக் கேட்டுச் சாவியையும் கொண்டாரச் சொல்லு. என் பொழப்பு இனி அதுதான்." மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். கண்ணுல தண்ணி ஓடி காதுக்குள்ள போச்சு, துடைக்கக் கை எழும்பல. அவளும் துடைச்சு விடல. பாக்காத மாதிரி இருந்தா. அந்த மரியாதை தெரிஞ்சவ.

திருப்புன பக்கம் மேசையோட பின்கால். அதுல பூப்போட்ட துணிக் கிழிசல் ஒண்ணு, நாடா மாதிரி, இறுக்கமா முடிச்சுப் போட்டிருந்துச்சு. துணிக்குள்ள ஒயர்.

"அது உன் பழைய நைட்டிதானே?"

அவ குனிஞ்சு முடிச்சைப் பாத்தா.

"கம்ப்யூட்டர்ல மேல் பாத்த அம்புக்குறி இருக்கும், அதை அமுக்கு."

"கையை ஒடிச்சு அடுப்புல வெக்க மாட்டீங்களே?"

"அமுக்குடி."

அமுக்குனா. பாலம் பின்னாலேர்ந்து முன்னால நகந்துச்சு. தரையில கிடந்தவனுக்கு ஒயர் தெரிஞ்சுது. பாலம் பாதிக்கு வர்ற வரைக்கும் தொளதொளன்னு இருந்துச்சு. பாதியைத் தாண்டுனதும் துணிக்கொடி மாதிரி விறைச்சு, முடிச்சு இருக்கற இடத்துல மடங்கி நின்னுச்சு.

"இப்போ பக்கவாட்டு அம்பு."

கறகறகற.

"பாலத்தைப் பின்னால கொண்டு போயிட்டு, மறுபடி பக்கவாட்டு."

சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டுப் போச்சு.

செவுத்துக்குள்ள இருக்கற ஒயர் நடக்காது. ஒரு தடவை கீங்குன்னா அது கீங்குதான். வாழ்நாள் பூரா அந்த ஒயரையே பாத்தவன், நடக்கற ஒயரையும் நிறுத்தி வெச்சே பாத்திருக்கான். இழுபடாதப்ப உள்ள ஒடிஞ்ச கம்பி ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு நல்ல புள்ளையா நடிச்சிருக்கு.

"எலி கடிச்சிரும்னுதான் தூக்கிக் கட்டுனேன்"னா அவ. "நீங்க கத்துனீங்களே, அதுக்கு முந்தின நாளு. அப்புறம் அவுக்க வரலாம்னா, கை வேணுமே எனக்கு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்போ? நீங்க கதவைச் சாத்துறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

 அவன் ஒயரோட நீளத்தைக் கண்ணாலயே அளந்தான்.

"தெருமுனைக் கடையில நாலு கம்பி ஒயர் கேளு. மெத்துன்னு வளையணும். விறைச்சதைக் குடுத்தான்னா அவன் தலையிலயே சுத்திட்டு வா."

அவ போயி வாங்கிட்டு வந்தா. அவன் படுத்தபடியே கரண்டை அணைக்கச் சொல்லி, எந்தக் கலரை எங்க சொருகணும்னு ஒவ்வொண்ணா சொன்னான். அவ பல்லால ஒயர்த் தோலை உரிச்சா. திட்ட வாயெடுத்தவன் மூடிக்கிட்டான். ஒயரைத் தாராளமா தொங்க விட்டா, எங்கயும் கட்டல.

கடைசிப் பலகையை அவளே ஏத்தி இறுக்குனா. மிஷின் ஓட ஆரம்பிச்சுது. அவனுக்கு மேசையோட அடிதான் தெரியுது, மேல என்ன நடக்குதுன்னு தெரியல. மூச்சைப் புடிச்சுக்கிட்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டிருந்தான். மரத்தூள் மூஞ்சியில வந்து விழுந்துச்சு.

"பாதிக்கு வந்துருச்சா?"

"வரப்போகுது."

"இப்போ?"

"தொணதொணக்காதீங்க. தாண்டுது."

கறகறப்பு வருமான்னு அவன் பல்லைக் கடிச்சான். வரல. போன் அடிச்சுது. அவ எடுத்தா. "அண்ணே, அவரு வேலையா இருக்காரு. அந்த நாற்காலியில வேற யாரையாவது உக்கார வெச்சுக்கங்க"ன்னு சொல்லி வெச்சுட்டா. போனை வெச்ச கையாலயே அவன் கன்னத்துல இருந்த தூளைத் தட்டிவிட்டா.

பலகையோட கடைசி ஓரம் வரைக்கும் போயி தலை தானா மேல எழும்பி நின்னுச்சு. அவ குனிஞ்சு, பின்னல் ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பாத்தா.  ஒரு இடத்துலகூடப் பின்னல் கோணல.

"இவ்வளவு பாடு படுத்துச்சே, அந்த ஒயர் என்ன விலைடி?"

"ரெண்டு மீட்டர், அறுபது ரூபா."