நின்றதுபோல் தெரிந்த புல்லி

இரண்டாயிரங்களின் நடுவில் நான் முனைவர் பட்டத்துக்காக லேசர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். விடுமுறைக்கு வேலம்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பனியன் துணி பின்னும் கம்பெனியில் மெஷின் ஓட்டிய மச்சான், அங்கே அப்படி என்னதான் செய்கிறேன் என்று கேட்பார்.

நாலெழுத்துப் படித்த திமிர் எனக்கு. லேசர் அலையை வேண்டிய வடிவத்துக்கு வளைத்து வாயு மூலக்கூறின் மேல் விட்டால், ஓர் எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடும், அலை திசை மாறியதும் தாய்வீட்டுக்கே திரும்பி வந்து மோதும், அப்போது ஒரு மின்னல் தெறிக்கும் என்றேன். அதன் ஆயுள் அட்டோசெகண்ட் கணக்கு. நொடியைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி கோடியாகப் பிரித்தாலும் அதைவிடச் சின்னது. அந்த மின்னலில் பார்த்தால் எலக்ட்ரானே நின்றதுபோல் தெரியும். மச்சான் நம்பாமல் சிரித்தார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த முறை, விட்டுவிட்டு மின்னும் விளக்கு ஒன்றைக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், கம்பெனியில் எங்களைத் தவிர ஆளில்லை. மோட்டாரின் மூடியைக் கழற்றச் சொன்னது நான்தான். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பெல்ட்டை இழுத்துச் சுழலும் புல்லிச் சக்கரத்தின் வேகத்துக்கு விளக்கு மின்னும் வேகத்தைப் பொருத்தினேன். புல்லி அப்படியே நின்றதுபோல் தெரிந்தது. அதில் மயிரிழையாக ஒரு விரிசல். மெஷின் மாதக்கணக்கில் அதிர்ந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. "இத பாருங்க மாப்ள" என்று விரலை நீட்டித் தொட்டார்.

பெல்ட்டுக்குள் சிக்கி ஆட்காட்டி விரலில் பாதி போய்விட்டது. கவனமில்லாமல் கை வைத்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலும் முதலாளியிடமும் சொன்னார். ரத்தம் நிற்பதற்குள் நான் விளக்கைப் பைக்குள் ஒளித்திருந்தேன். வெட்கங்கெட்டவன்.

ஆய்வகத்தில் முதன்முதலாக அந்த மின்னல் பதிவானபோது எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் திரையில் அந்த விரல்தான் நீண்டது. இன்றும் நின்றிருக்கும் மின்விசிறியைத் தொடக்கூடப் பயம்.

பொங்கலுக்கு, அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள். "இருவது வருசமா ஓடற மெஷின்ல கை வெச்சதில்ல தம்பி இவரு. அன்னிக்குக் கண்ணு எங்க போச்சோ."

நான் வாயைத் திறந்தேன். மச்சான் என்னைப் பார்க்காமலே, "ஆமா, கண்ணுதான் தெரியல" என்றார். பிறகு அந்தக் கையாலேயே கரண்டியைப் பிடித்து எனக்கு ரசம் ஊற்றினார். "போதுங்க மச்சான்" என்றேன்.