கொன்ஸ்ரன்ஸ் கொடுக்காத மருந்து

கொன்ஸ்ரன்ஸ் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததை அந்தக் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் யாரும் கண்டு நாளாகிவிட்டது. கணவன் ஒஸ்வால்ட் படுக்கையில் விழுந்த பிறகு, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவுவாள். ஜன்னலைத் திறப்பாள், உடனே சாத்துவாள்.

ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நரம்பு நோய் முதலில் அவன் கைகளை முடக்கியது, பிறகு கால்களை. இப்போது மூச்சிலும் கை வைத்திருந்தது. குழறலாகப் பேச்சு மட்டும் மிஞ்சியது.

ஒரு காலை, அவள் கஞ்சி பருக்கும்போது கேட்டான்.

"நோவுக்குத் தாற மருந்தை முழுக்க ஊத்தித் தா, கொன்னி. நித்திரையாப் போயிடுவன்."

"விசர்க் கதை கதைக்காதீங்க."

"எனக்கு விசரில்ல. உனக்குத்தான் பயம்."

கடவுளுக்கா, பொலிஸுக்கா பயம் என்று அவளுக்கே தெரியவில்லை. மருந்துப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அசைய முடியாதவனிடமிருந்து எதை ஒளிக்க? தன் கைக்குத்தான் பயந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் டொக்டர் மர்ஸூக்கை வாசலில் மறித்து, ஒஸ்வால்ட் கேட்டதைச் செய்து தருவாரா என்று கேட்டாள்.

"அது கொலை. நான் செய்யமாட்டன்" என்றார் அவர். "ஆனா மூச்சு மெசின் வேணாமெண்டு சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. மூச்சு முட்டாம மருந்து தாறது என்ட வேலை."

"ரெண்டிலயும் ஆள் போறார்தானே, டொக்டர்?"

"ஓம். ஒண்டில நாங்க அனுப்புறம். மற்றதில இந்த நரம்பு வருத்தம் கொண்டு போகுது."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. ஒஸ்வால்டிடம் சொன்னபோது அவன் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப மெசினாவது வேணாம். சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கியது. அவன் தம்பி டெரிக் தன் த்ரீவீலரோடு ஓடி வந்தான்.

"ஆஸ்பத்திரியில மெசினில போடுவம், அண்ணி! உயிரோட இருப்பார்தானே!"

கொன்ஸ்ரன்ஸ் கதவை மறித்து நின்றாள். "வேணாமெண்டு அவர்தான் சொன்னவர்."

டொக்டர் வந்து ஊசி போட்டார். இழுத்த மூச்சு இளகியது. பின்னேரம், அவள் கை நெஞ்சில் இருக்க, ஒஸ்வால்ட் போனான்.

அடக்கம் முடிந்து சேமக்காலை வாசலில் டெரிக் வெடித்தான். "நீங்கதான் அண்ணனைச் சாகவிட்டது."

"அவர் ரெண்டு கேட்டவர், டெரிக். ஒண்டைத்தான் குடுத்தன்."

"மற்றது என்ன?"

சொன்னாள். பூட்டிய போத்தலையும் சொன்னாள். "குடுத்ததுக்கும் நித்திரையில்ல, குடுக்காததுக்கும் நித்திரையில்ல."

டெரிக் த்ரீவீலரைக் கிளப்பி, அவள் ஏறும்வரை காத்திருந்தான்.