பட்டிப்பொலவில் குதித்த உளவாளி

நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிரியந்திக்குப் பத்தொன்பது வருட வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, தொட்டிலாட்டி, எல்லாம் கண்ணயர்ந்த பிறகு பகலில் ஒரு மணி நேரம் அவளுக்கென்று கிடைக்கும். அப்போது கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிப்பாள். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை.

போன மாசியில் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் ஓரத்துப் பழைய புத்தகக் குவியலில் ஓர் உளவு நாவல் அகப்பட்டது. அறுபதுகளில் அச்சானது. எழுதியவர் நானூறு துப்பறியும் கதைகளுக்கு மேல் எழுதித் தள்ளியவர் என்று பின்னட்டை பெருமைப்பட்டது. கதாநாயகன் பூபாலன் துப்பாக்கி எடுக்கப் போய்ச் சீப்பை நீட்டுகிற ஆள். பிரியந்தி வாய்விட்டுச் சிரித்ததில் இரண்டு குழந்தைகள் எழும்பி அழுதன.

பாதிக் கதையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூபாலன் ஹட்டன் தாண்டி மலையேறி ஓடும் ரயிலிலிருந்து பட்டிப்பொலவில் குதித்து, முழங்கால் புதையும் வெண்பனியில் நடந்து, ரகசிய பிலிம் சுருளை ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்குப் பின்னால் செருகுகிறான்.

"பட்டிப்பொலயில எங்கங்க அம்புட்டுப் பனி கொட்டுது?" என்று அன்று மாலை கணவனிடம் கேட்டாள்.

தொழிற்சாலையில் வேலை செய்யும் சிவசாமி சிரித்தார். "மெட்ராஸ்ல ஃபேனுக்கடியில உக்காந்து எழுதியிருப்பாரு. இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டாரு."

"போயிப் பாத்துட்டு வருவோமா?"

"கதப் பொஸ்தகத்துக்காகக் கோச்சி ஏறுறதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹட்டனில் ரயில் ஏறினார்கள். கடைசி அத்தியாயத்தை அவள் வேண்டுமென்றே வாசிக்காமல் வைத்திருந்தாள். இடத்தைப் பார்த்த பிறகு வாசித்தால்தான் ருசி.

பட்டிப்பொலவில் வெயில் அடித்தது. பிரியந்தி நேரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் போய்க் கையை விட்டுத் தடவினாள். சிலந்தி வலைதான் ஒட்டியது. பிலிம் என்ன, ஒரு தீக்குச்சி செருகவும் இடமில்லை.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்றார் சிவசாமி.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, காட்டுப் பக்கமிருந்து மூடுபனி சரசரவென்று இறங்கியது. பத்தடி தள்ளி நின்ற சிவசாமி காணாமல் போனார். பிரியந்திக்கு நாவலின் வரி ஒன்று நினைவுக்கு வந்தது. சுருட்டுப் பற்ற வைக்கும் நேரத்துக்குள் மூடுபனி வந்து எதிரியை விழுங்கியது என்று அந்த மனிதர் எழுதியிருந்தாரே!

"என்னங்க, கத எழுதுனவரு இங்க வந்திருக்காருங்க!" என்று மூடுபனிக்குள் கூவினாள்.

வந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். "மொனவத நோனா ஹொயன்னே?" என்றார், என்ன தேடுகிறீர்கள் அம்மா என்று. பிரியந்தி வெட்கத்தோடு தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதையைச் சொன்னாள். பாதியில் அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இத்தின்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம்?

அப்புறம் அவளுக்கே தெரியாதே. அங்கேயே கடைசி அத்தியாயத்தைத் திறந்து, வாசிக்க வாசிக்கச் சிங்களத்தில் சொன்னாள். பூபாலன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய சுருளை மேலிடத்தில் கழுவிப் பார்க்கிறார்கள். அத்தனையும் அவன் அக்கா மகளின் காதுகுத்துப் படங்கள்! ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிவசாமிக்குப் புரையேறியது.

திரும்பும் ரயில் வந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியோடு ஜன்னலருகே ஓடி வந்தார். "நோனா, அப்ப நிஜப் பிலிம் யார்கிட்ட?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ரயில் நகர்ந்துவிட்டது. பிரியந்தி புத்தகத்தை மடியில் வைத்து முதலிலிருந்து புரட்டத் தொடங்கினாள். நானுஓயா ஸ்டேஷன் வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.