கழுவிக் கொடுத்த டின்

பழைய சமையல் எண்ணெயில நான் காய்ச்சுற பயோடீசல் இன்னைக்கும் மோர் மாதிரி கலங்கிக் கிடக்கு.

மெயின்லாந்துல பயோடீசல் காய்ச்சுறவங்களோட வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். "எண்ணெய்ல தண்ணி இருக்கு. ரெண்டு நாள் வெயில்ல வைங்க"ன்னாங்க. இந்த மழைக்காலத்துல எங்க தீவுக்கு வெயிலும் கப்பல்லதான் வரணும்.

எண்ணெய் தர்ற டாலிகஞ்ச் பஜ்ஜிக்கடை பாய்கிட்டப் போனேன். எனக்கான டின்னைத் தேய்ச்சுக் கழுவி, ஈரத்தோட எண்ணெயை ஊத்திட்டிருந்தார்.

"காய வைக்க மாட்டீங்களா பாய்?"

"அரே, இந்த மழையில எங்க காயும்? ஆனா உங்களுக்குத் தர்றது சாஃபா, சுத்தமா இருக்க வேணாமா? கழுவாம ஒருநாளும் தந்ததில்ல."

சுக்ரியா சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல கரண்ட் இல்ல. ஜெனரேட்டருக்கு ஊத்த டீசலும் இல்ல. "அழுக்கு டின்லயே கொடுங்க பாய்"னு அந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது? யாராவது சொல்லிக் கொடுங்கப்பா.